மில் டிரைவில் ஓசி

சித்தப்பா: மாவு மில் நின்றுவிட்டது. மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் பெட்டியில் ஓசி என்று வருகிறது. மூன்று தடவை ரீசெட் அடித்தும் அதே

பெரிய அத்தை: ஓசியா? யாருக்கு?

தம்பி: ஓவர் கரண்ட் அத்தை, மோட்டாருக்கு அளவுக்கு மேல் கரண்ட் போகிறது

பெரிய அத்தை: என்னமோ. முறுக்கு அரிசி இன்னும் 15 கிலோ அங்கேதான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை சீர்

காங்கயம் மாமா: முதலில் ரீசெட் அடிப்பதை நிறுத்துங்க மச்சான். டிரைவ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் நின்றிருக்கிறது, காரணத்தைப் பார்க்காமல் திரும்பத் திரும்ப ஓட்டினால் ஒவ்வொரு அடியையும் உள்ளே மோட்டாருக்குக் கரண்ட் விடும் ஐஜிபிடி சுவிட்ச் வாங்கும், அது போனால் டிரைவே போச்சு. எப்போது வருகிறது? சுவிட்ச் போட்டதுமா, ஓடும்போதா, நிறுத்தும்போதா?

சித்தப்பா: போட்டதும். ஒரு உறுமல், அப்புறம் ஓசி

காங்கயம் மாமா: கண்ணாடி போட்டுப் பார்த்தீங்களா? அந்தச் சிவப்பு எழுத்தில் ஓசியும் ஓஎல்லும் ஒன்று போலத் தெரியும். ஓஎல் என்றால் ரொம்ப நேரம் பாரம் இழுத்தது, அது வேறு

தம்பி: 📷 ஓசிதான் மாமா. காலையில் ஃபேக்டரி ரீசெட்டும் செய்தேன்

காங்கயம் மாமா: ஐயோ. ஃபால்ட் ரீசெட் வேறு, அது வேறுடா. நான் தை மாதம் உட்கார்ந்து போட்ட 14 ஆம்பியர், ஆர்பிஎம், 20 நொடி ஆக்சிலரேஷன் எல்லாம் அழிந்திருக்கும்

அம்மா: திட்டாதே அண்ணா, ராத்திரி வரை அங்கே இருந்தது அவன்தான்

சேலம் அத்தை: சீருக்குத் தட்டு 21ஆ 31ஆ?

பெரிய அத்தை: 31. போன தடவை 21 வைத்துக் கேட்ட பேச்சு போதும்

சேலம் அத்தை: அது என் கல்யாணம்தானே அக்கா. மறக்கவில்லை

காங்கயம் மாமா: மெயினை அணைங்க. உடனே மூடியைத் திறக்க வேண்டாம், கெப்பாசிட்டரில் 500 வோல்ட்டுக்கு மேல் டிசி நிற்கும். 10 நிமிடம் விட்டு, டிசி பிளஸ் மைனஸில் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்கணும். மோட்டாருக்குப் போகும் யூ வி டபிள்யூ மூன்று ஒயரையும் அடையாளம் போட்டுக் கழற்றி, டேப் சுற்றி, மூடியை மூடிவிட்டு மோட்டார் இல்லாமல் டிரைவை மட்டும் ஓட்டுங்க. அப்போதும் ஓசி வந்தால் கோளாறு டிரைவுக்குள். வராவிட்டால் ஒயர், மோட்டார், இல்லை மில். இன்சுலேஷன் பார்க்கும் மெக்கர் மீட்டரை மட்டும் யாரும் டிரைவோடு சேர்த்து வைக்காதீங்க, டிரைவ் போய்விடும்

சித்தப்பா: சரி

பெரிய அத்தை: செருப்புப் போட்டுக்கொள்

தம்பி: தனியாக ஓடுகிறது மாமா. 50 ஹெர்ட்ஸ் வரை போனது

காங்கயம் மாமா: நல்லது. மறுபடி அணைத்து, பெல்ட்டைக் கழற்றி இரண்டு புல்லியையும் கையால் சுற்றிப் பார்

தம்பி: மோட்டார் லேசாகச் சுற்றுகிறது. மில் அசையவே இல்லை. திறந்தால் கல்லுக்கு நடுவே மாவு களி மாதிரி அப்பியிருக்கிறது, விரல் வைத்தால் குழி விழுகிறது

சித்தப்பா: அரிசி காயவில்லை

பெரிய அத்தை: நிழலில் ஒரு மணி நேரம் காயவைத்துத்தான் அனுப்பினேன். வேறு யார் அரிசியோ

சித்தப்பா: நேற்றுக் கடைசியாக அரைத்தது உங்க 5 கிலோதான் அக்கா

தம்பி: 🤐

காங்கயம் மாமா: யார் அரிசியோ இருக்கட்டும். கல்லைச் சுரண்டித் துடைங்க. மோட்டார் மூன்று தடவை பூட்டிக்கொண்டு நின்றிருக்கிறது, வைண்டிங்கைப் பார்க்காமல் ஓட்ட எனக்கு மனசில்லை. சாயங்காலம் மெக்கரோடு வருகிறேன். தம்பி, மோட்டார் தகட்டைப் படம் எடுத்து அனுப்பு, அளவெல்லாம் மறுபடி போடணும்

பெரிய அத்தை: அப்போ மீதி அரிசி?

சித்தப்பா: மாடியில் காயப்போடுங்க, பார்க்கலாம்

சேலம் அத்தை: தட்டு 31தானா?

அம்மா: அண்ணா வரட்டும், பேசிக்கொள்ளலாம்