2004 சில்வராடோவில் தனி டிரான்ஸ்மிஷன் கூலர்: ரேடியேட்டருக்கு முன்னாலா, பின்னாலா?

டிரெய்லர்காரன் எழுதியது:

வண்டி 2004 செவி சில்வராடோ 1500, 5.3 லிட்டர் வி8, 4எல்60இ ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் (டிரான்ஸ்மிஷன்). ஓடுவது ஆஸ்டினுக்கு மேற்கே ஏற்ற இறக்கமான சாலைகளில். 4,800 பவுண்டு படகு டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஏறினால் டிரான்ஸ்மிஷன் எண்ணெய் 225 டிகிரி ஃபாரன்ஹீட் வரை போகிறது. வெறும் வண்டியில் 180 தாண்டுவதில்லை.

எண்ணெயைக் காற்றில் ஆற்றும் தட்டடுக்கு வகைக் கூலர் கையில் இருக்கிறது, சுமார் 11க்கு 8 அங்குலம். கிட்டில் ரப்பர் ஹோஸ், கிளாம்ப், ரேடியேட்டர் வழியாகச் செருகிக் கட்டும் பிளாஸ்டிக் டை எல்லாம் உண்டு. எண்ணெய் முதலில் ரேடியேட்டருக்குப் போக வேண்டுமா, புதுக் கூலருக்கா? ரேடியேட்டரை அடியோடு விலக்கிவிட்டால் என்ன? அந்த டைகளை நம்பலாமா?

கியர்பெட்டி எழுதியது:

முதலில் குளோவ் பாக்ஸில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் கேஎன்பி என்ற குறியீடு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது தொழிற்சாலையிலேயே தனிக் கூலரோடு வந்த வண்டி. இப்போது கூலர் இல்லையென்றால் இடையில் யாரோ கழற்றியிருக்கிறார்கள். பிராக்கெட் மாட்டும் துளைகள் அப்படியே கிடைக்கும், புதிதாகத் துளை போட வேண்டாம்.

வரிசை: கியர்பாக்ஸ், ரேடியேட்டர், புதுக் கூலர், மறுபடி கியர்பாக்ஸ். ரேடியேட்டர் டேங்குக்குள் இருக்கும் சிறு கூலர் எண்ணெயைத் தண்ணீரின் சூட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவரும், அதற்குக் கீழே இறக்க அதனால் முடியாது. மிச்ச வேலையைக் காற்று செய்ய வேண்டும். வரிசையை மாற்றிப் போட்டால், காற்றில் ஆறிய எண்ணெயை ரேடியேட்டர் மறுபடி சூடாக்கி அனுப்பும்.

ஆகவே கூலர் நுழைய வேண்டியது திரும்பும் குழாயில். எது திரும்பும் குழாய் என்பதைப் படம் பார்த்து முடிவு செய்யாதீர்கள், சோதித்துப் பாருங்கள். ரேடியேட்டரில் ஒரு குழாயை மட்டும் கழற்றி, கழன்ற முனையிலும் ரேடியேட்டர் வாயிலும் தனித்தனி ஹோஸ் மாட்டி, இரண்டு வாளிகளில் விடுங்கள். ஒருவரை உள்ளே உட்காரவைத்து பார்க்கிங்கில் என்ஜினை 3 முதல் 5 விநாடி ஓட்டிவிட்டு அணைக்கச் சொல்லுங்கள். எண்ணெய் குழாய் முனையிலிருந்து வந்தால் அது கியர்பாக்ஸிலிருந்து வரும் சூட்டுக் குழாய். ரேடியேட்டர் வாயிலிருந்து வந்தால் கழற்றியது திரும்பும் குழாய். உங்களுக்கு வேண்டியது அதுதான். வாளிக்குப் போன எண்ணெயை அளந்து வையுங்கள், திரும்ப ஊற்றக் கணக்கு வேண்டும்.

இந்த வண்டியில் குழாய் 3/8 அங்குலம், ரேடியேட்டர் பக்கம் குவிக் கனெக்ட், அதாவது கிளிப்பால் பூட்டிக்கொள்ளும் இணைப்பு. பிளாஸ்டிக் மூடியைப் பின்னால் தள்ளி, கம்பிக் கிளிப்பை ஒரு கொக்கி ஊசியால் நெம்பினால் குழாய் கையோடு வரும். கிளிப்பைப் புதிதாகப் போடுங்கள், விலை அற்பம். ரேடியேட்டர் ஃபிட்டிங்கைத் திருக நேர்ந்தால் இரண்டு ஸ்பேனர் வேண்டும், ஒன்று பிடிக்க, ஒன்று திருக. ஒரே ஸ்பேனரில் முறுக்கினால் டேங்குக்குள் இருக்கும் கூலரே சேர்ந்து திரும்பி உள்ளே விரிசல் விடும். வெளியே ஒரு சொட்டும் கசியாது, தண்ணீர் கியர்பாக்ஸுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

எண்ணெய்க்கை எழுதியது:

வரிசையைவிட ஹோஸ் இணைப்பில்தான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள், அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஹோஸ் மேல் எஸ்ஏஇ ஜே1532 என்று அச்சிட்டிருக்க வேண்டும். அது டிரான்ஸ்மிஷன் எண்ணெய்க்கென்றே உள்ள தரம். கடையில் அதே தடிமனில் பெட்ரோல் ஹோஸை எடுத்துக் கொடுப்பார்கள், வாங்காதீர்கள். சூடான ஏடிஎஃப்பில் (டிரான்ஸ்மிஷன் எண்ணெயில்) அது நாளடைவில் இறுகி, கிளாம்ப் பிடித்த இடத்தில் வெடிக்கும்.

எஃகுக் குழாயை வெட்டி ஹோஸ் மாட்டுவதாக இருந்தால், குழாய் வெட்டியால் வெட்டுங்கள், ரம்பம் கூடாது. ரம்பத்தூள் கூலருக்குள் போகும், அங்கிருந்து நேராகக் கியர்பாக்ஸுக்குப் போகும். வெட்டிய முனையில் பபுள் ஃப்ளேர், அதாவது குழாயைச் சுற்றி ஒரு புடைப்பு, போட்டே ஆக வேண்டும். வழவழப்பான குழாயில் கிளாம்பை எவ்வளவு இறுக்கினாலும் சூட்டில் ரப்பர் தளரும், ஏற்றத்தில் அழுத்தம் கூடும், ஹோஸ் நழுவும். நழுவினால் சில நிமிடத்தில் எண்ணெய் மொத்தமும் சாலையில். அதில் கொஞ்சம் சூடான எக்ஸாஸ்ட் மேல் பட்டால் தீயே பிடிக்கும். வெட்ட மனமில்லையென்றால் ஒரு முனை குவிக் கனெக்ட், மறுமுனை 3/8 பார்ப் (ஹோஸைப் பிடித்துக்கொள்ளும் வரிப்பற்கள்) உள்ள அடாப்டர் கிடைக்கிறது. அதைப் போட்டால் பின்னாளில் பழையபடி மாற்றுவதும் சுலபம்.

ஹோஸை ஃப்ளேரைத் தாண்டி ஓர் அங்குலமாவது ஏற்றுங்கள், கிளாம்ப் ஃப்ளேருக்குப் பின்னால் உட்கார வேண்டும். கிட்டில் வரும் துளை போட்ட கிளாம்ப் ரப்பரைக் கடிக்கும். விளிம்பு மடிந்த ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் கிளாம்ப் வாங்கிக்கொள்ளுங்கள். இறுக்கும்போது ரப்பர் கிளாம்ப் விளிம்புக்கு மேல் பிதுங்கத் தொடங்கினால் கை நின்றுவிட வேண்டும்.

பிளாஸ்டிக் டை பற்றி: வேண்டாம். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சரின் துடுப்புகளுக்கு நடுவே செருகிய டை, வண்டி அதிர அதிர அரம் போல அறுக்கும். கண்டென்சரில் ஓட்டை விழுந்தால் கேஸ் போச்சு, டெக்சாஸ் கோடையில் அது சின்ன விஷயமில்லை. ரேடியேட்டர் சப்போர்ட்டில் இரண்டு அலுமினியப் பட்டை போட்டு, ரப்பர் வாஷரோடு போல்ட் செய்யுங்கள். கண்டென்சருக்கும் கூலருக்கும் இடையே கால் முதல் அரை அங்குலம் விடுங்கள். கூலரின் வாய்கள் மேலேயோ பக்கவாட்டிலோ இருக்கட்டும். கீழ்நோக்கி வைத்தால் உள்ளே காற்று தேங்கும். மாட்டியதும் பானெட்டை மெதுவாக மூடிப் பாருங்கள், பூட்டும் அதன் கம்பியும் ஹோஸில் உரசக் கூடாது.

வடக்குப்பக்கம் எழுதியது:

ரேடியேட்டரை விலக்குவது பற்றிய கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. மினசோட்டாவில் இருந்து பார்த்தால் விலக்கக் கூடாது. பூஜ்யத்துக்குக் கீழே போகும் காலையில் எண்ணெயைச் சூடாக்குவதே ரேடியேட்டர்தான். எண்ணெய் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்வரை கணினி டார்க் கன்வெர்ட்டர் (என்ஜின் விசையை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) லாக்கப்பை, அதாவது அது வழுக்காமல் பூட்டிக்கொள்வதை, தள்ளிப்போடும், கியர் விழுவதும் கனமாக இருக்கும். எங்கள் பக்கம் தனிக் கூலர் போடுகிறவர்கள் எண்ணெய் குளிர்ந்திருக்கும்போது அதைக் கூலருக்கு விடாமல் திருப்பும் தெர்மோஸ்டாட் பைபாஸ் ஒன்றும் சேர்த்துப் போடுவார்கள்.

ஆஸ்டினில் அந்தக் கவலை குறைவு. விலக்க நல்ல காரணம் ஒன்று உண்டு: பழைய ரேடியேட்டர். உள்கூலர் அரித்துத் தண்ணீர் எண்ணெயில் கலந்தால் அது பாலேடு கலந்த ரோஸ்மில்க் நிறத்துக்கு வரும். கூலன்ட்டில் உள்ள கிளைக்கால் என்ற ரசாயனம் கிளட்ச் தகடுகளின் பசையைக் கரைத்துவிடும், எண்ணெயை மாற்றினாலும் தகடுகள் தேறாது. 2005 முதல் 2010 வரையிலான நிஸான் ஃபிரன்டியரில் இது பரவலான பிரச்சினையாகி, நிஸான் அந்த ரேடியேட்டர்களுக்கு வாரண்டியை நீட்டியது. உங்கள் ரேடியேட்டர் வண்டியோடு வந்ததாக இருந்தால், விலக்குவதைவிடப் புது ரேடியேட்டர் மாற்றி இரண்டு கூலரையும் வைத்துக்கொள்வதே என் கட்சி.

டிரெய்லர்காரன் எழுதியது:

ஸ்டிக்கரில் கேஎன்பி இல்லை. ரேடியேட்டர் மாற்றியது, புதிதுதான், அதனால் விலக்கப் போவதில்லை. பட்டை அடித்து மாட்டுகிறேன். எண்ணெய் எவ்வளவு கூட ஊற்ற வேண்டும்? இப்போது உள்ளே இருப்பது டெக்ஸ்ரான் 6 வகை எண்ணெய்.

கியர்பெட்டி எழுதியது:

கூலருக்கும் ஹோஸுக்கும் சேர்த்து அரை முதல் ஒரு குவார்ட் போதும், வாளிக்குப் போனது தனி. கையேட்டில் டெக்ஸ்ரான் 3 என்று இருக்கும். 6 அதற்கு மாற்றாகவே வந்தது, அதிலேயே தொடருங்கள். கியர்பாக்ஸின் அடித்தட்டையும் (பான்) இறக்கி ஃபில்டர் மாற்றுவதாக இருந்தால் சுமார் 5 குவார்ட் வாங்குங்கள். பான் போல்ட்டுக்கு 97 இன்ச்-பவுண்டுதான், ஃபுட்-பவுண்டு என்று நினைத்து இழுத்துவிடாதீர்கள்.

கியர்பாக்ஸோடு இணைக்குமுன் கூலரிலிருந்து திரும்பும் ஹோஸை வாளியில் விட்டு என்ஜினை 20 விநாடி ஓட்டிப் பாருங்கள். ஒரு குவார்ட் வர வேண்டும், பட்டறைகளில் வழக்கமாகப் பார்க்கும் அளவு அது. புதுக் கூலர் நிரம்பும்வரை ஒன்றும் வராது, அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதன் பிறகும் சொட்டுச் சொட்டாக வந்தால் ஹோஸ் எங்கோ மடிந்திருக்கிறது, அல்லது வழியில் அடைப்பு. ஓட்டம் குறைந்தால் எண்ணெய் ஆறுவது மட்டுமல்ல, கியர்பாக்ஸின் உள்பாகங்களுக்குப் போகும் உயவும் குறையும்.

இணைத்தபின் சமதரையில் நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு கியரிலும் மூன்று விநாடி வைத்து பார்க்கிங்குக்கு வாருங்கள். என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, எண்ணெய் சூடானபின் டிப்ஸ்டிக் பாருங்கள். கால் குவார்ட்டாக ஊற்றுங்கள். அதிகமானால் சுழலும் பாகங்கள் எண்ணெயை அடித்து நுரையாக்கும், நுரை வென்ட் வழியாகப் பொங்கும், பார்ப்பவர் கூலர் கசிகிறது என்று நினைப்பார்.

இன்னொன்று. 225-ல் பாதிக் குற்றம் ஓட்டும் முறையுடையது. ஏற்றத்தில் நான்காம் கியருக்கும் மூன்றுக்கும் மாறி மாறி அலையும்போது லாக்கப் விட்டுப்போகும், கன்வெர்ட்டருக்குள் எண்ணெய் வழுக்கும், சூடு அங்கேதான் பிறக்கிறது. படகு பின்னால் இருந்தால் டோ/ஹால் (இழுவைக்கான) பொத்தானை அழுத்துங்கள், தொடர் ஏற்றத்தில் லீவரை 3-ல் வையுங்கள். ஆர்பிஎம் 2,500, 3,000 என்று ஏறும், இந்த என்ஜினுக்கு அது ஒன்றுமில்லை. கூலரும் இந்தப் பழக்கமும் சேர்ந்தால் அதே ஏற்றத்தில் 200-க்குள் நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் கூலரைப் பெரிதாக்காதீர்கள். லாக்கப் உண்மையில் பிடிக்கிறதா என்று ஸ்கேனரில் கன்வெர்ட்டர் ஸ்லிப் (வழுக்கல்) எண்ணைப் பாருங்கள்.

எண்ணெய்க்கை எழுதியது:

கூலர் போட்டதால் வண்டியின் இழுவை வரம்பு ஏறாது, கதவு ஸ்டிக்கரும் கையேடும் சொல்வதுதான் வரம்பு. கிளாம்புகளை முதல் சூட்டு ஓட்டம் முடிந்து ஆறியபின் ஒருமுறை இறுக்குங்கள், டிரெய்லரோடு போய்வந்தபின் இன்னொருமுறை. அப்போதே ஹோஸ் ஷீட் மெட்டல் விளிம்பில் எங்காவது பளபளவென்று தேய்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, தேய்ந்த இடத்தில் பழைய ஹோஸ் துண்டு ஒன்றைப் பிளந்து உறையாக மாட்டிவிடுங்கள்.