1,12,000 கிலோமீட்டர் ஓடின ஆடி டிடி கார்: வாங்கலாமா, விட்டுரலாமா?

வடசேரி தம்பி:
அண்ணன்மாரே, ரெண்டு வாரமா உறக்கம் இல்ல. திருவனந்தபுரத்துல ஒரு டாக்டர் 2012 ஆடி டிடி (Audi TT, ரெண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார்) விக்காரு. 2.0 டர்போ பெட்ரோல், 211 குதிரைத்திறன், நாலு சக்கரமும் இழுக்குற குவாட்ரோ, கேஎல் 01 பதிவு. மீட்டர்ல 1,12,000. 14 லட்சம் கேக்காரு. பள்ளிக்கூடத்துல படிக்கும்போ நோட்டு அட்டையில ஒட்டி வச்சிருந்த வண்டி இது. அஞ்சு வருஷம் சேத்த பைசா. தினப்பாட்டுக்கு ஸ்விஃப்ட் இருக்கு. இது ஞாயித்துக்கிழமை விடியக்காலம் காவல்கிணறு தாண்டி நாங்குநேரி வரை போய்ட்டு வர. "லட்சம் தாண்டின வண்டிய எவனாவது வாங்குவானாலேய்" என்கிறார் அப்பா.

தக்கலை ஒர்க்‌ஷாப்:
தம்பி, அந்த லட்சத்தப் பாத்துப் பயப்படாதே. வருஷத்துக்கு ஒம்பதாயிரம்கூட வரல. இருபதாயிரம் ஓடி பத்து வருஷம் ஷெட்ல கிடந்த வண்டியத்தான் நான் தொடமாட்டேன். சீல் காஞ்சிருக்கும், டயர் கல்லாயிருக்கும். ஓடின வண்டிக்கு மீட்டரவிட பில்தான் சாட்சி.

கேக்க வேண்டியது டைமிங் செயின் டென்ஷனர், அதாவது வால்வு நேரத்துக்குத் திறக்க ஓடுற சங்கிலிய இறுக்கிப் பிடிக்கிற பாகம். இந்த டிடியில உள்ள அந்தக் கால இஏ888 இஞ்சின்ல முதல்ல போட்ட டென்ஷனர் பிடி விட்டா செயின் பல் தாண்டும், வால்வு போய் பிஸ்டன்ல இடிக்கும், அதோட இஞ்சின் தீந்தது. பிறகு கம்பெனியே டென்ஷனர மாத்தி வடிவமைச்சது. புதுசு போட்ட பில் இருக்கான்னு பாரு. அதே இஞ்சின்ல பிஸ்டன் ரிங் வழியா ஆயில் குடிக்கிற கேடும் உண்டு. டாப்-அப் எத்தனை நாளைக்கொருக்கன்னு கேளு. கியர்பாக்ஸ், ஆயில்ல முங்கின இரட்டை கிளட்ச் வச்ச ஆட்டோமேட்டிக். 60,000 கிலோமீட்டருக்கு ஒருக்க ஆயிலும் ஃபில்டரும் மாத்தணும். ஒரு பில்லாவது இருக்கணும்.

கொளச்சல் கரை:
வாங்காதே மக்கா. இது அனுபவிச்சவன் சொல்லுகது. 2017ல ரெண்டு கதவு வண்டி ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல எடுத்தேன். வீட்டுக்கும் கடலுக்கும் நானூறு மீட்டர். மூணு வருஷத்துல அடியில சஸ்பென்ஷனத் தாங்குற சட்டம், அந்த சப்ஃப்ரேம், தோல் உரியுகது மாதிரி உரிஞ்சுது. ஏபிஎஸ் பிரேக் ஒயர் கனெக்டரக் கழட்டினா உள்ள பச்சப்பாசி மாதிரி பூத்திருக்கு. ஒரு பக்கக் கண்ணாடிக்கு நாப்பது நாள் காத்து நின்னேன். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஆனி, ஆடி மாசத்துலயும் மழை, ஐப்பசியிலயும் மழை. அடிப்பாகம் காயவே நேரம் கிடையாது. சென்சார் ஒண்ணு போனாலும் களியக்காவிளை எல்லை தாண்டி லாரியில ஏத்தணும். 14 லட்சம் உள்ள நுழைய டிக்கெட் மட்டும்தான்.

தக்கலை ஒர்க்‌ஷாப்:
அண்ணாச்சி சொல்லுகது உண்மை, ஆனா எல்லா வண்டிக்கும் பொருந்தாது. இந்த டிடி முன்பாதி அலுமினியம். பின்னால தரை, கதவு, டிக்கி மூடிதான் ஸ்டீல். வடசேரி உங்க ஊர் மாதிரி கடக்கரையும் இல்ல.

கொளச்சல் கரை:
அதத்தான் நானும் சொல்லுகேன். அலுமினியமும் ஸ்டீலும் சேருற இடத்துல உப்புத்தண்ணி நின்னா அரிப்பு இன்னும் வேகம். பாடி பளபளன்னுதான் நிக்கும், சேருற இடம் உள்ள போயிருக்கும். வண்டி இனி நிக்கப்போற இடத்த விடுங்க, இத்தனை வருஷம் எங்க நின்னுது? அதக் கேளு மக்கா.

மார்த்தாண்டம் ஓட்டி:
காகிதத்த யாரும் சொல்லலியே. திருவனந்தபுரம் ஆர்டிஓவுல என்ஓசி (ஆட்சேபணை இல்லைன்னு சான்று) எடுத்து, இங்க ஆயுள் வரி கட்டி, நாகர்கோவில் பதிவு டிஎன் 74க்கு மாத்தணும். பதிவு 15 வருஷம்தான், 2027ல முடியும். பிறகு எஃப்சி (வண்டி தகுதிச் சான்று) காட்டி அஞ்சு வருஷத்துக்கொருக்க புதுப்பிக்கணும். பெட்ரோல் பங்க்ல இப்ப வாறது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2012 வண்டி அதுக்குச் செஞ்சதில்ல. ஹோஸ், சீல் எல்லாத்துக்கும் தனியா பைசா ஒதுக்கு.

தக்கலை ஒர்க்‌ஷாப்:
போறதா இருந்தா சொல்லாம விடியக்காலமே போ. முதல்ல போனட்டத் தொட்டுப் பாரு. சூடா இருந்தா உனக்கு முன்னமே ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்கான்னு அர்த்தம், திரும்பி வந்துரு. குளிர்ந்த இஞ்சின் ஸ்டார்ட் ஆகும்போ ரேடியோ, ஏசி ரெண்டையும் அணைச்சிட்டுக் கேளு.

வடசேரி தம்பி:
அண்ணே, போய்ட்டு வந்தேன். போனட் சில்லுன்னுதான் இருந்துது. சாவி திருப்பினதும் சங்கிலிய தகரத்துல இழுத்த மாதிரி ரெண்டு செகண்ட் கரகரன்னுது. பிறகு அமைதி. டாக்டர் காதுல அது விழவே இல்ல. கியர்பாக்ஸ் ஆயில் பில் ஒண்ணு இருக்கு, 58,000ல மாத்தினது. செயினுக்கு பில் இல்ல. வீடு சங்குமுகம் பக்கம், கடல் சத்தம் கேக்குது. டார்ச் அடிச்சுப் பாத்தேன். பின்சக்கரத்துக்கு உள்ள ஒரு சஸ்பென்ஷன் ஆர்ம் போல்ட்ட விரலால தடவினா துரு செதில் செதிலா வருது. கை நடுங்கிச்சு. ஆனா ஓட்டிப் பாத்தேன் அண்ணே. மூணாவது கியர்ல டர்போ இழுக்கும்போ நெஞ்சுக்குள்ள வந்தத எழுதத் தெரியல.

கொளச்சல் கரை:
அந்த நெஞ்சுதான் என் பைசாவயும் தின்னுது. விட்டுரு.

தக்கலை ஒர்க்‌ஷாப்:
அந்த ரெண்டு செகண்ட் சத்தம் டென்ஷனராத்தான் இருக்கும்னு தோணுது. செயின் வேலைய அவர் செலவுலயே முடிக்கச் சொல்லு, பழைய பார்ட்ட கையில வாங்கு. இல்லன்னா 11 லட்சத்துக்கு மேல ஒரு ரூபா கொடுக்காதே. போல்ட்ட நேர்ல பாக்காம நான் சொல்லமாட்டேன்.

வடசேரி தம்பி:
டாக்டர் இப்பதான் கூப்பிட்டாரு. செயின் மாத்தித் தாறாராம், விலை பன்னெண்டரை லட்சம். ஞாயித்துக்கிழமை வண்டிய லிஃப்ட்ல ஏத்திக் காட்டவும் சம்மதம். தக்கலை அண்ணே, கூட வருவீங்களா? அடிப்பாகத்த நீங்க பாத்துச் சொல்லுகது வரை அட்வான்ஸ் கொடுக்கமாட்டேன்.

தக்கலை ஒர்க்‌ஷாப்:
அஞ்சு மணிக்கு மேட்டுக்கடையில நில்லு.

கொளச்சல் கரை:
நானும் வாரேன். பின்பக்கத்த நான் பாக்கேன்.