இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தைத் திருத்தினால் போதாதா, நீக்கத்தான் வேண்டுமா?

மன்னார்வாசி:
அஹ்னாப் ஜஸீம் எங்கள் சிலாவத்துறைப் பக்கத்துப் பிள்ளை. ஆசிரியர், கவிஞர். 2017 இல் 'நவரசம்' என்று ஒரு கவிதைத் தொகுப்புப் போட்டார். 2020 மே மாதம் அந்தப் புத்தகம் தீவிரவாதம் ஊட்டுகிறது என்று பிடித்துக்கொண்டு போனார்கள். தீவிரவாதத்தைக் கண்டிக்கும் கவிதைகள்தான் அதில் இருக்கின்றன. தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் அரை மணித்தியாலம் புரட்டியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஒன்றரை வருடத்துக்கு மேல் உள்ளே இருந்து 2021 டிசம்பரில் பிணையில் வந்தார். 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் விடுதலை செய்தது. 1979 இல் மூன்று வருடத்துக்கு மட்டும் என்று கொண்டுவந்து, 1982 இல் நிரந்தரமாக்கிய சட்டம் இது. இனியும் வைத்திருக்க என்ன நியாயம்?

கல்லடியான்:
அண்ணை, ஜஸீமுக்கு நடந்தது அநியாயம். மறுக்கவில்லை. ஆனால் உயிர்த்த ஞாயிறு குண்டுகள் வெடித்த 2019 ஏப்ரல் 21 ஐ நான் மறக்க முடியாது. எங்கள் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பள்ளி முடிந்து முற்றத்தில் நின்ற பிள்ளைகள் செத்தார்கள். ஒரே கிழமையில் எத்தனை சின்னப் பெட்டிகளைத் தூக்கினோம்! நாடு முழுக்க 260 பேருக்கு மேல். சாதாரண சட்டப்படி பிடித்தவனை 24 மணித்தியாலத்தில் நீதவான் முன் நிறுத்த வேண்டும். குண்டு கட்டும் ஒரு கூட்டத்தை ஒரு நாளில் விசாரித்து முடிக்கலாமா? சாட்சி சொல்ல யார் வருவான்? பிழையாகப் பாவித்த அதிகாரியைத் தண்டியுங்கள். சட்டம் இருக்கட்டும்.

மன்னார்வாசி:
தம்பி, அந்த ஏப்ரலில் இந்தச் சட்டம் முழுப் பலத்தோடு இருந்ததே. தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரான் 2017 காத்தான்குடி மோதலுக்குப் பிறகு தலைமறைவானவன். அவனைப் பற்றி அங்குள்ள முஸ்லிம்களே முறைப்பாடு கொடுத்திருந்தார்கள். இந்திய உளவுத்துறை ஏப்ரல் 4 ஆம் திகதியே எச்சரித்தது. கடதாசி மேசைக்கு மேசை போனது, ஆள் பிடிபடவில்லை. அந்தக் கவனக்குறைவுக்காகத்தான் 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபா கட்டச் சொன்னது. பிழை ஆட்களிடம்தான் இருந்தது.

பழைய நிருபர்:
இருவரும் எத்தனை நாள் அடைத்து வைக்கலாம் என்ற கணக்கிலேயே நிற்கிறீர்கள். இந்தச் சட்டத்தின் உயிர் 16 ஆம் பிரிவில் இருக்கிறது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்குக் குறையாத ஒரு அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லும். அது அடித்து வாங்கியது என்றால், அதை நிரூபிப்பது கைதியின் பொறுப்பு. பூட்டிய அறைக்குள் நடந்ததை, மாதக்கணக்காகப் பூட்டப்பட்டிருந்தவன் எதைக் காட்டி நிரூபிப்பான்?

பத்திரிகையாளர் திசைநாயகத்தை எடுங்கள். தன் பத்திரிகையோடு சம்பந்தப்பட்ட அச்சகக்காரரைப் பிடித்துவிட்டார்கள் என்று கேட்கப் போனவரையே 2008 மார்ச் 7 அன்று உள்ளே போட்டார்கள். குற்றப்பத்திரிகை வந்தது ஐந்து மாதம் கழித்து. 2006 இல் அவர் எழுதிய கட்டுரைகள்தான் குற்றம். வாகரையில் சனங்கள் ஷெல்லடிக்குள்ளும் பட்டினிக்குள்ளும் கிடப்பதை எழுதியிருந்தார். கல்லடியான், வாகரை உங்கள் மாவட்டம்தானே? அது நடந்ததா இல்லையா என்று உங்களுக்கே தெரியும். வாக்குமூலம் வற்புறுத்தி வாங்கப்பட்டது என்றார், நீதிமன்றம் ஏற்கவில்லை. 2009 ஓகஸ்ட் 31 இல் 20 வருடக் கடூழியச் சிறை. ஒபாமா வரை பேசிய பிறகு 2010 இல் பொது மன்னிப்பு வந்தது. பேச ஆளில்லாத கைதிகளை நினைத்துப் பாருங்கள். அந்தத் தீர்ப்புக்குப் பிறகு, எழுத உட்கார்ந்த ஒவ்வொருவரும் எந்த வரியை வெட்டலாம் என்றுதான் முதலில் பார்த்தோம்.

2022 மார்ச்சில் திருத்தம் செய்தார்கள். தடுப்புக்காவலின் உச்சவரம்பு 18 மாதத்திலிருந்து 12 மாதமானது. 16 ஆம் பிரிவைத் தொடவில்லை.

தஞ்சை வாசகன்:
இந்தியாவிலிருந்து ஒரு தகவல். இங்கே முன்பிருந்த பயங்கரவாதத் தடுப்புச் சட்டங்களான தடாவிலும் பொடாவிலும் போலீஸிடம் கொடுத்த வாக்குமூலம் சாட்சியமாகச் செல்லுபடியானது. தடா 1995 இல் காலாவதியானது. பொடாவில் நக்கீரன் கோபாலையே 2003 இல் பிடித்தார்கள், மறு வருடம் அந்தச் சட்டமும் போனது. இப்போதுள்ள யுஏபிஏ (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம்) கொடுமையான சட்டம்தான், ஆனால் அந்த வாக்குமூலப் பிரிவு அதில் இல்லை. அதில்லாமல் வழக்கே நடத்த முடியாது என்பதை நம்பாதீர்கள்.

கல்லடியான்:
வாகரை பற்றி நீங்கள் எனக்குச் சொல்லத் தேவையில்லை ஐயா, அகதியாக வந்த சனத்துக்குச் சோறு சமைத்துக் கொடுத்த ஊர் எங்களுடையது. சரி, 16 ஆம் பிரிவு போகட்டும். அதற்கு நான் வாதாடவில்லை. ஆனால் இப்போது வேறு அரசாங்கம். பழைய ஆட்களின் கணக்கை இவர்கள் தலையில் கட்டலாமா?

மன்னார்வாசி:
2022 ஜூனில் இந்தச் சட்டத்தைப் பாவிப்பதை நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று முந்தைய அரசாங்கம் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் சொன்னது. ஓகஸ்டில் மாணவர் தலைவர் வசந்த முதலிகேயைப் பிடித்து அதே சட்டத்தில் அடைத்தார்கள். ஐந்து மாதத்துக்கு மேல். இப்போதைய அரசாங்கத்தார் 2024 இல் நீக்குவோம் என்று வாக்குக் கேட்டு வந்தவர்கள். 2025 மார்ச்சில் இஸ்ரேலுக்கு எதிராக ஸ்டிக்கர் ஒட்டிய 22 வயதுப் பையனுக்கு 90 நாள் தடுப்புக்காவல் உத்தரவு, பாதுகாப்பு அமைச்சருமான ஜனாதிபதியின் கையெழுத்தோடு. சத்தம் எழுந்த பிறகு ஏப்ரலில் விட்டார்கள். யார் வந்தாலும் பேனாவுக்குப் பக்கத்தில் இது கிடக்கிறது.

பழைய நிருபர்:
கல்லடியான், விசாரணைக்கு நாள் வேண்டும் என்பது நியாயமான கேள்வி. கேளுங்கள். ஆனால் நீதவானிடம் கேளுங்கள். ஆளை அவர் முன் நிறுத்தி, சட்டத்தரணியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் காரணம் சொல்லி. அமைச்சரின் கையெழுத்தில் அல்ல.

கல்லடியான்:
நீதவான் மறுத்து, விடப்பட்டவன் அடுத்த கிழமை குண்டோடு வந்தால்? அதற்கும் ஒரு ஏற்பாட்டைப் புதிய சட்டத்தில் காட்டுங்கள். அன்றைக்கு நீக்கக் கேட்கும் மனுவில் நானும் கையெழுத்துப் போடுகிறேன். அதுவரை முழுதாக நீக்க எனக்குச் சம்மதமில்லை.