ஆகஸ்டில் மசாய் மாரா, குறைந்த செலவில்: தங்குமிடம் எவ்வளவு மோசமாக இருக்கும்?

பஸ்பயணி:
ஆகஸ்ட் இரண்டாம் வாரம் நானும் மனைவியும் கென்யா போகிறோம். நைரோபியிலிருந்து மசாய் மாரா வனவிலங்கு ரிசர்வ், 2 இரவு 3 பகல், ஆறு பேர் சேர்ந்து போகும் வேன். ஆளுக்கு 520 டாலர். பார்க் கட்டணம், சாப்பாடு, தங்கல் எல்லாம் அதில் அடக்கம் என்கிறார்கள். தங்குமிடம் என்ற இடத்தில் "செகெனானி கேட் அருகே பட்ஜெட் கேம்ப் அல்லது அதற்கு இணையானது" என்று மட்டும் இருக்கிறது. அந்தப் பக்கத்து கேம்ப்களின் விமர்சனங்களைப் படித்தால் வயிற்றைக் கலக்குகிறது. வெந்நீர் வரவில்லை, இரவு பத்து மணிக்கு மேல் கரண்ட் இல்லை, போர்வையில் ஈரம், படத்தில் காட்டிய டென்ட் வேறு, கொடுத்தது வேறு. இது ஏமாற்று வேலையா, இல்லை இந்த விலைக்கு இவ்வளவுதானா? கூட 100 டாலர் போட்டால் சரியாகுமா? நாங்கள் சைவம்.

ரிஃப்ட்வேலி:
டென்டை விடுங்கள், முதலில் கணக்கைப் பாருங்கள். 2024 முதல் மாராவில் வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு ஜூலை முதல் டிசம்பர் வரை நாளொன்றுக்கு 200 டாலர். ஜனவரி முதல் ஜூன் வரை 100. ரிசர்வுக்கு வெளியே தங்குபவர்களுக்கு டிக்கெட் காலை 6 முதல் மாலை 6 வரைதான். முதல் நாள் மதியம் வந்து சேர்ந்து நாலு மணிக்கு ஒரு சுற்று போனாலும் முழு 200. மூன்றாம் நாள் காலையில் இரண்டு மணி நேரம் உள்ளே போனாலும் இன்னொரு 200. மூன்று நாளும் போனால் கட்டணமே 600 டாலர் ஆகிறது.

520-ல் எல்லாம் அடக்கம் என்றால் ஒரே ஒரு நாள்தான் உள்ளே போகப்போகிறீர்கள். மீதி 320-ல் உங்கள் பங்குக்கு வேன், டீசல், டிரைவர் சம்பளம், இரண்டு இரவு, ஆறேழு வேளைச் சாப்பாடு, ஆபரேட்டர் லாபம் எல்லாம் அடங்க வேண்டும். அது முடியக்கூடிய விலைதான், ஏமாற்று இல்லை. ஆனால் "3 நாள் சஃபாரி" என்று விளம்பரம் போடுவது கொஞ்சம் அழும்பு. ஒவ்வொரு நாளும் எத்தனை மணிக்கு எந்த கேட் வழியாக உள்ளே போகிறோம், எத்தனை நாளுக்கு டிக்கெட் எடுக்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். "கேம் டிரைவ்" (வண்டியில் சுற்றி விலங்கு பார்ப்பது) என்று மட்டும் பதில் வந்தால் அதை நம்பாதீர்கள். கேட்டுக்கு வெளியே மாடு மேய்கிற நிலத்தில் ஓட்டுவதையும் அப்படித்தான் சொல்வார்கள். அங்கே வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி, இம்பாலா மான் தென்படும். சிங்கத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

கூட 100 டாலர் போடுவதாக இருந்தால் டென்டுக்குப் போடாதீர்கள், இடத்துக்குப் போடுங்கள். கேட்டிலிருந்து ஓரிரு கிலோமீட்டருக்குள் இருக்கும் கேம்ப் என்றால் ஆறு மணிக்கு கேட் வாசலில் நிற்கலாம். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தால், தார் ரோட்டை விட்டு இறங்கிய பிறகு குண்டும் குழியுமான பாதையில் அரை மணிக்கும் மேல் போய்விடும். சிங்கமும் சிறுத்தையும் நடமாடுவது அந்த நேரத்தில்தான். வெயில் ஏறிவிட்டால் புதரடியில் படுத்துவிடும். சுமாரான கட்டில், பக்கத்தில் கேட் என்பது நல்ல பேரம். நல்ல கட்டில், தூரத்தில் கேட் என்பது வீண்.

மாதத்தை மாற்ற முடிந்தால் பிப்ரவரியை யோசியுங்கள். கட்டணம் பாதி, கேம்ப்களும் காலியாக இருக்கும். இடம்பெயரும் வில்டபீஸ்ட் (நூ மான்) கூட்டம் அப்போது தான்சானியா பக்கம் செரங்கெட்டியின் தெற்கே இருக்கும். ஆனால் சிங்கம், யானை, சிவிங்கிப்புலி எல்லாம் மாராவிலேயே வருடம் முழுக்க உண்டு. ஏப்ரல், மே மட்டும் வேண்டாம். மழையில் கரிசல் மண்ணில் வேன் புதையும்.

கேன்வாஸ்கூரை:
கேம்ப் விஷயத்துக்கு வருகிறேன். செகெனானி, ஒலோலைமுடியா, தலெக் மூன்று கேட்களுக்கு வெளியிலும் பட்ஜெட் கேம்ப் அநேகமாக ஒரே அமைப்பு. சிமெண்ட் தளம், மேலே தகரம் அல்லது புல் கூரை, அதனடியில் ஜிப் வைத்த கேன்வாஸ் கூடாரம், பின்பக்கம் ஒட்டினாற்போல் சுவர் எழுப்பிய குளியலறை.

வெந்நீர் பல இடங்களில் விறகு போட்டு எரிக்கும் கொதிகலனிலிருந்து வருகிறது. ஒரு கொதிகலன் நாலைந்து டென்டுக்குப் போகும். கடைசி டென்டுக்கு நீளமான குழாயில் கிடக்கும் பச்சைத் தண்ணீர் முழுக்க ஓடித் தீர்ந்த பிறகுதான் சூடு வரும். அதற்குள் முன்னால் குளித்தவர்கள் தீர்த்திருப்பார்கள். வெந்நீர் வரவில்லை என்ற விமர்சனங்களில் பாதி இந்த வகை. சஃபாரி முடிந்து வந்ததும், சாப்பாட்டுக்கு முன்னாலேயே, குளித்துவிடுங்கள். காலையில் குளிக்கலாம் என்று வைத்தால் அநேகமாகப் பச்சைத் தண்ணீர்தான். செக்-இன் பண்ணும்போதே கொதிகலன் பக்கத்து டென்டாகக் கேளுங்கள். ஆனால் ஜெனரேட்டர், சமையலறை பக்கம் வேண்டாம். விடியற்காலை நாலு மணிக்கே பாத்திரம் உருள ஆரம்பித்துவிடும்.

கரண்ட் மாலை ஆறு முதல் பத்து வரை, காலையில் ஒன்றிரண்டு மணி நேரம் என்பது சாதாரணம். டென்டுக்குள் பிளக் இல்லாமல், வரவேற்பறையில் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் எல்லோரும் சார்ஜ் போடும் கேம்ப்களும் உண்டு. கென்யாவில் பிரிட்டிஷ் பாணி சதுர மூன்று முள் பிளக். நம்முடைய உருண்டை முள் நுழையாது. அடாப்டர், 20,000 எம்ஏஎச் பவர் பேங்க், தலையில் மாட்டும் டார்ச் மூன்றும் அவசியம்.

குளிரை யாரும் சொல்ல மாட்டார்கள். மாரா 1,500 மீட்டருக்கு மேல் இருக்கிற மேட்டுநிலம். ஆகஸ்டில் இரவு 12 டிகிரி அளவுக்கு இறங்கும். கேன்வாஸ் அதைத் தடுக்காது. விடியற்காலையில் உள்பக்கமே வியர்த்திருக்கும். போர்வை ஈரம் என்று தோன்றுவதற்கு அதுவும் ஒரு காரணம். பகல் வெளிச்சத்திலேயே இரண்டாவது கம்பளி கேட்டு வாங்கி வையுங்கள். கொசுவலையை விரித்து ஓட்டை பாருங்கள். அங்கே மலேரியா உண்டு. தடுப்பு மாத்திரைக்குக் கிளம்பும் முன்பே டாக்டரைப் பாருங்கள்.

பஸ்பயணி:
ரிஃப்ட்வேலி சொன்னபடி கேட்டேன். உள்ளே ஒரு நாள் மட்டும், முதல் நாள் மாலை மசாய் கிராமம், மூன்றாம் நாள் நேராக நைரோபி என்று இப்போதுதான் சொல்கிறார்கள். இரண்டு நாள் உள்ளே போக 720 கேட்கிறார்கள். "அல்லது அதற்கு இணையானது" என்பதற்கு மட்டும் பதில் இல்லை.

ரிஃப்ட்வேலி:
720 நியாயம்தான், கூடிய 200 அப்படியே டிக்கெட். ஆனால் மூன்றாம் நாள் காலை இரண்டு மணி நேரத்துக்காக அதைக் கொடுக்காதீர்கள். இன்னொரு இரவு சேர்த்து இரண்டு முழு நாள் என்று கேளுங்கள். வில்டபீஸ்ட் கூட்டம் மாரா ஆற்றைக் கடக்கும் இடங்கள் செகெனானியிலிருந்து போக இரண்டு மணி நேரம் பிடிக்கும். பெட்டிச் சாப்பாட்டோடு முழு நாள் போனால்தான் அங்கே காத்திருக்க முடியும்.

"இணையானது" என்ற வார்த்தை ஆபரேட்டருக்கு ஒரு ஜன்னல். ஆகஸ்டில் கேம்ப் நிரம்பினால் அது வழியாக உங்களை வேறெங்காவது தள்ளுவார். கேம்ப் பெயரும் டென்ட் வகையும் எழுத்தில் வரட்டும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் கேம்புக்கே நேராக மெயில் போட்டு, உங்கள் பெயரில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். முன்பணம் கட்டுவதற்கு முன் கென்யா டூர் ஆபரேட்டர்கள் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் அந்த நிறுவனம் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டியல் பொதுவில் இருக்கிறது.

கேன்வாஸ்கூரை:
போய்ச் சேர்ந்தபின் டென்ட் சரியில்லை என்றால் பையைப் பிரிக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். ஷவரைத் திறந்து பாருங்கள், கழிவறையில் தண்ணீர் விட்டுப் பாருங்கள், ஜிப்பை முழுக்க இழுத்துப் பாருங்கள். கோளாறு இருந்தால் படம் எடுத்து ஆபரேட்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மேனேஜரிடம் வேறு டென்ட் கேளுங்கள். டிரைவரையும் கூட அழைத்துப் போங்கள். தினம் ஆட்களைக் கொண்டுவந்து இறக்குபவர் அவர், அவர் பேச்சுக்கு மதிப்பு அதிகம். ஒரு இரவு படுத்துவிட்டு மறுநாள் சொன்னால் யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.

சுக்குக்காப்பி:
சைவத்துக்கு: இரவில் சோறு, சப்பாத்தி, பீன்ஸ், முட்டைக்கோஸ், கீரை கிடைக்கும், பட்டினி இல்லை. சிக்கல் மதியப் பெட்டியில். கோழித்துண்டும் அவித்த முட்டையும்தான் வழக்கம். முந்தைய இரவே சமையலறையில் "இரண்டு சைவப் பெட்டி, முட்டையும் வேண்டாம்" என்று சொல்லி எழுதச் சொல்லுங்கள். பருப்புப்பொடி, ஊறுகாய் பாக்கெட் கொண்டு போங்கள், ஆனால் பிளாஸ்டிக் கவரில் கட்டாதீர்கள். கென்யாவில் 2017 முதல் பிளாஸ்டிக் பைக்குத் தடை. துணிப்பை எடுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டாயிற்றா? சான்றிதழ் இல்லாமல் கென்யாவிலிருந்து திரும்பினால் இந்திய விமான நிலையத்தில் பிடித்து ஆறு நாள் வரை தனிமையில் வைப்பார்கள். போட்டு பத்து நாள் கழித்துத்தான் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள்; குறிப்பிட்ட நாட்களில் மட்டும் என்பதால் தேதி கேட்டுவிட்டுப் போங்கள்.