தினமும் ஓடும் ஸ்விஃப்ட்: ஷாக் அப்சார்பர் மாற்ற வேண்டும், எதைப் போடலாம்?

வேளச்சேரி டீசல்:

வண்டி 2014 ஸ்விஃப்ட் டீசல், 1,12,000 கிலோமீட்டர் ஆகிவிட்டது. வேளச்சேரியிலிருந்து சிறுசேரிக்குத் தினமும் போய் வருகிறேன். மழையோ வெயிலோ, வண்டிக்கு லீவு கிடையாது. மெட்ரோ வேலை தொடங்கியதிலிருந்து சென்னை ஓ.எம்.ஆர். சாலை எப்படி இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

முன்பக்கம் இடது சக்கரத்தில், சின்னப் பள்ளத்தில் இறங்கினால்கூட 'டொக் டொக்' சத்தம். பெரிய வேகத்தடையில் மட்டும் சத்தமே இல்லை, அதுதான் புரியவில்லை. மேம்பால இணைப்பில் கொஞ்சம் வேகமாக ஏறினால் வண்டி தொட்டில் மாதிரி இரண்டு மூன்று ஆட்டம் ஆடித்தான் அடங்குகிறது. பின்சீட்டில் வரும் அம்மா "மாட்டு வண்டியே தேவலை" என்கிறார்.

வண்டியின் துள்ளலை அடக்கும் நாலு ஷாக்கும் மாற்ற மெக்கானிக் 16,000 கேட்கிறார். ஆபீஸ் நண்பன், "எப்படியும் பிரிக்கப் போகிறாய், வண்டியைத் தாழ்த்தும் லோயரிங் ஸ்பிரிங் போட்டுவிடு" என்கிறான். இன்னொருவர், ஸ்பிரிங் சுற்றுக்கு நடுவே ரப்பர் பஃபர் செருகினால் போதும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பழைய ஸ்பானர்:

சத்தமும் ஆட்டமும் வேறு வேறு வியாதி. முதலில் சத்தம். வேகத்தடையில் இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும், இரண்டையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் பார் என்ற கம்பி முறுக்காது. பள்ளத்தில் ஒரு சக்கரம் மட்டும் இறங்கும்போதுதான் அது முறுக்கும். அதைப் பிடித்திருக்கும் லிங்க் ராட் என்ற சின்னக் கம்பியின் பந்து மூட்டு தேய்ந்திருந்தால் அப்போது தட்டும். நீங்கள் சொல்வது அதே கதைதான். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்துவிட்டு, லிங்க் ராடைக் கையால் பிடித்து உலுக்கிப் பாருங்கள். மூட்டின் ரப்பர் உறை கிழிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். சில நூறு ரூபாய்ச் சாமான்.

ஆட்டம் ஷாக்கினால்தான். டார்ச் அடித்து ஸ்ட்ரட் குழாயை, அதாவது முன் ஷாக்கின் உடலைப் பாருங்கள். லேசான ஈரம் இருந்தால் விடலாம். எண்ணெய் வழிந்து அதில் புழுதி அப்பிக் களிம்பு மாதிரி இருந்தால் ஆயுள் முடிந்தது. ஒன்று போயிருந்தாலும் அந்த அச்சில் இரண்டையும் மாற்றுங்கள்.

வண்டிக் கம்பெனி கொடுத்த அளவிலேயே, கேஸ் நிரப்பிய ஷாக் போதும். இடைவிடாத குண்டுகுழியில் உள்ளே எண்ணெய் நுரைத்தால் பிடிமானம் போய்விடும். நைட்ரஜன் அழுத்தம் அந்த நுரையை அடக்கும். கேப்ரியலோ கே.ஒய்.பி.யோ, பிராண்டுப் பெயரைவிட பார்ட் நம்பர் முக்கியம். டீசல் என்ஜின் கனமானது, பெட்ரோல் வண்டிச் சாமானைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். உதிரிபாகக் கடைகள் உள்ள ஜி.பி. ரோட்டில் வாங்குவதானால் சேசிஸ் நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு பில்லோடு வாங்குங்கள்.

ஷாக்கை வண்டியோடு பிடிக்கும் மேல் மவுண்ட், பேரிங், முழுக்க அமுங்கும்போது இடியைத் தாங்கும் பம்ப் ஸ்டாப், தூசி உறை எல்லாம் புதிதாகப் போடுங்கள். இதில் மிச்சம் பிடித்தால் அதே கூலியை இன்னொரு முறை கொடுப்பீர்கள்.

லோயரிங் வேண்டாம். உங்கள் வண்டிக்குத் தரை இடைவெளியே 170 மி.மீ. ஐப்பசி மழையில் வேளச்சேரியில் அதையும் குறைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்? ரப்பர் பஃபரும் வேண்டாம். அது ஸ்பிரிங்கின் சில சுற்றுகளைக் கட்டிப்போடும், உதை முழுக்க மவுண்டுக்குப் போகும், செத்த ஷாக் செத்தபடியே இருக்கும்.

சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷும் மாற்றினால் ஒன்றைக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். என் வண்டியில் ஒரு பட்டறைப் பையன், சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே போல்ட்டை முழுக்க முறுக்கிவிட்டான். கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நின்றது. ஐந்தாவது மாதம் கிழிந்தது. சக்கரம் தரையில் நின்று பாரம் ஏறிய பிறகுதான் கடைசி முறுக்கு.

கோத்தகிரி வளைவு:

லோயரிங் போட்டு எட்டு மாதம் ஓட்டியவன் நான். வளைவில் நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கம்பெனி ஷாக்கோடு குட்டை ஸ்பிரிங் போட்டதால் நாலு பேர் ஏறினாலே பம்ப் ஸ்டாப்பில் இடித்தது. பழைய ஸ்பிரிங்கைப் பரணில் வைத்திருந்தேன், தப்பித்தேன். அப்புறம், டயரில் காற்று எவ்வளவு? கதவுப் பக்கம் ஸ்டிக்கரில் இருப்பதைவிட அதிகம் அடித்திருந்தால் எந்த ஷாக் போட்டாலும் அம்மாவுக்கு மாட்டு வண்டிதான்.

வேளச்சேரி டீசல்:

இன்று காலை பார்த்தேன். இடது லிங்க் ராட் ஆடும் பல் மாதிரி கையோடு வருகிறது. முன்பக்கம் இரண்டு ஷாக்கும் எண்ணெய்க் களிம்பு. பின்பக்கம் இரண்டும் காய்ந்து சுத்தமாக இருக்கின்றன, டிக்கியை அமுக்கி விட்டால் ஒரே ஆட்டத்தில் நிற்கிறது. அதனால் இப்போதைக்கு முன் ஜோடி, மவுண்ட் செட், இரண்டு பக்க லிங்க் ராட், கடைசியில் வீல் அலைன்மென்ட். சனிக்கிழமை பட்டறையில் நேரம் வாங்கிவிட்டேன். டயரில் காற்று 40 பி.எஸ்.ஐ. இருந்தது, ஸ்டிக்கரில் இருப்பதைவிட அதிகம். பெட்ரோல் பங்க் பையன் கேட்டபோதெல்லாம் "நல்லா அடிப்பா" என்று சொன்னது நான்தான்.