ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிடும் கணினி: எஸ்எம்பிஎஸ்ஸா, மதர்போர்டா?

நண்பர்களே, கொஞ்சம் வழி சொல்லுங்கள். வீட்டில் ஆறு வருடமாக ஓடும் டெஸ்க்டாப், 450 வாட் எஸ்எம்பிஎஸ் (உள்ளே எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டி). பத்து நாளாக, நீலத் திரை எதுவும் வராமல், கரண்ட் போனது மாதிரி பட்டென்று அணைந்துவிடுகிறது. உடனே பட்டனை அழுத்தினால் ஒரு அசைவும் இல்லை, சுவர் ஸ்விட்சை அணைத்து இரண்டு நிமிடம் விட்டுப் போட்டால்தான் உயிர் வருகிறது.

முதலில் சூடுதான் என்று நினைத்தேன். கேபினெட்டைத் திறந்தால் பிராசசர் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்க் இடுக்கெல்லாம் பஞ்சு மெத்தை மாதிரி தூசி. துடைத்து, புது தெர்மல் பேஸ்ட் வைத்தேன். இப்போது வீடியோ எடிட் செய்யும்போதுகூட 68 டிகிரியைத் தாண்டவில்லை, ஆனாலும் அணைகிறது. ரேமை ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டேன், யுபிஎஸ்ஸை விட்டு நேராகச் சுவரில் செருகினேன், பலனில்லை. விண்டோஸ் பிழைகளைப் பதிந்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்ற பிழை மட்டும் இருக்கிறது. அது ஒழுங்காக அணையவில்லை என்று சொல்லுமே தவிர காரணம் சொல்லாது.

பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் செட்டிங்ஸ் திரை) 12 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 11.3 காட்டுகிறது. ஐந்து சதவீதம் வரை குறையலாம் என்றாலும் 11.4 இருக்க வேண்டுமே. எனக்கு எஸ்எம்பிஎஸ் மேல்தான் சந்தேகம். கடைக்காரர் திறந்துகூடப் பார்க்காமல் மதர்போர்டு மாற்றச் சொல்கிறார், அவ்வளவு செலவு இப்போது முடியாது. பயாஸ் அளவை நம்பலாமா, மல்டிமீட்டரை எஸ்எம்பிஎஸ்ஸின் 12 வோல்ட் மஞ்சள் வயரில் வைத்துப் பார்க்க வேண்டுமா? அப்புறம், மதர்போர்டில் பிராசசர் பக்கத்தில் ஒரு கெபாசிட்டரின் (கரண்டைச் சீராக்கும் சின்ன உருளை) தலை லேசாக உப்பியிருக்கிறது. அதை மட்டும் மாற்றினால் போதுமா? மகளின் கல்லூரி புராஜெக்ட் முழுக்க இதில்தான் இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.