கலைப் படிப்பு எங்கே கைகொடுத்தது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வரலாறு படித்தவர்:

"வரலாறு படித்து என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்காதவர்கள் என் சொந்தபந்தத்தில் யாருமே இல்லை. அந்தக் கேள்விக்குப் பதிலாக, வேலையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரு நிறுவனத்தின் சட்டப் பிரிவில் ஆவணங்களைச் சரிபார்ப்பது என் வேலை. பழைய பாக்கி என்று சொல்லி ஒரு ஒப்பந்தக்காரர் பெரிய தொகை கேட்டிருந்தார். ஆதாரமாக ஒரு கடிதத்தையும் இணைத்திருந்தார். கையெழுத்து, முத்திரை, தேதி எல்லாம் இருந்தன. கூட இருந்தவர்கள் தொகையைக் கூட்டிப் பார்த்துவிட்டு, "கணக்கு சரி, அனுப்பிவிடலாம்" என்றார்கள். எனக்குக் கடிதத்தின் அடியில் இருந்த ஒரு வரி உறுத்தியது. நகல் யாருக்கு என்ற இடத்தில் ஒரு பிரிவின் பெயர் இருந்தது. இன்று எல்லோரும் சொல்லும் பெயர்தான். ஆனால் கடிதத் தேதியில் அந்தப் பிரிவு இருந்ததா? பழைய சுற்றறிக்கைகளைத் தேடி எடுத்தேன். இரண்டு பிரிவுகளை ஒன்றாக்கி அந்தப் பெயரை வைத்ததே அடுத்த வருடம்தான். பின்னால் தயாரித்து முன்தேதி போட்ட கடிதம் அது.

இந்தக் கண் எனக்குப் பிறவியில் வந்ததல்ல, வகுப்பில் வந்தது. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் மேற்குப் பகுதிகளின் ஆட்சியைப் போப்பாண்டவருக்கு எழுதிக் கொடுத்ததாக ஒரு சாசனம் பல நூற்றாண்டுகள் புழக்கத்தில் இருந்தது. 1440-இல் லொரென்சோ வல்லா என்ற இத்தாலிய அறிஞர் அதை வரிவரியாகப் பிரித்துப் போட்டார். கான்ஸ்டான்டிநோபிள் (இன்றைய இஸ்தான்புல்) திருச்சபையின் தலைமைப் பீடங்களில் ஒன்று என்கிறது சாசனம். அந்த நகரமே அப்போது உருவாகவில்லையே, பெயர் மட்டும் எங்கிருந்து வந்தது என்று கேட்டார் வல்லா. லத்தீன் நடையும் அந்தக் காலத்ததாக இல்லை என்று காட்டினார். எங்கள் பேராசிரியர் சாசனத்தின் மொழிபெயர்ப்பைக் கையில் கொடுத்து, வல்லா சொன்னதைச் சொல்லாமல், "எங்கே இடிக்கிறது என்று நீங்களே பாருங்கள்" என்று விட்டுவிட்டார். அந்த வகுப்பு முழுக்க நாங்கள் திணறினோம். யார் எழுதியது, யாருக்காக, எப்போது, எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்று கேட்கும் பழக்கம் அங்கேதான் ஒட்டிக்கொண்டது. இன்று என் சம்பளம் அந்தக் கேள்விகளுக்குத்தான் வருகிறது.

தத்துவம் படித்து மென்பொருளுக்கு வந்தவர்:

மேலே எழுதியவர் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். என் துறையில் "கலைப் படிப்பா? கணக்கு வராதவர்கள் படிப்பது" என்று பேசுவார்கள். கேட்டால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். இடைக்கால ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் ஏழு கலைகள் என்று கற்பித்தவை இலக்கணம், தர்க்கம், பேச்சுக்கலை, எண்கணிதம், வடிவியல், இசை, வானியல். கணக்கும் வானமும் அதற்குள்தான் இருந்தன.

எனக்கு நடந்தது இது. வாடிக்கையாளர் தந்த தேவைப் பட்டியலில் "ஆண்டுச் சந்தா கட்டியவர்களுக்கு மட்டுமே தள்ளுபடி" என்று ஒரு வரி. குழுவில் எல்லோரும் சந்தா இருந்தால் தள்ளுபடி என்று எழுதத் தொடங்கிவிட்டார்கள். நான் நிறுத்தினேன். சந்தா இல்லாதவருக்குத் தள்ளுபடி கிடையாது என்றுதான் அந்த வரி சொல்கிறது. சந்தா உள்ள எல்லோருக்கும் உண்டு என்று அது சொல்லவே இல்லை. வாடிக்கையாளரிடம் கேட்டோம். சந்தா கட்டி முதல் மாதம் முடியாதவர்களுக்குக் கிடையாதாம்! "இது இருந்தால் அது" என்பதைக் குறிக்க முதல் வருடத் தர்க்க வகுப்பில் கரும்பலகையில் போட்ட அதே அம்புக்குறிதான், வேறொன்றுமில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தகவல் கோட்பாட்டின் தந்தை எனப்படும் கிளாட் ஷானன் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பொறியியலும் கணிதமும் படித்தவர். அங்கே எடுத்த ஒரு தத்துவப் பாடத்தில்தான், உண்மை, பொய் என்ற இரண்டை வைத்தே கணக்குப் போடும் ஜார்ஜ் பூலின் தர்க்கம் அவருக்கு அறிமுகமானது. 1937-இல் தன் முதுகலை ஆய்வேட்டில் அந்தத் தர்க்கத்தை மின் சுற்றுகளின் சுவிட்சுகளோடு பொருத்திக் காட்டினார். கணினிச் சுற்றுகளை வடிவமைக்க அதுவே அடிப்படையானது. அந்தப் பாடத்தை எடுக்கும்போது இதெல்லாம் நடக்கும் என்று யாருக்குத் தெரிந்திருக்கும்?

இலக்கியம் படித்தவர்:

நல்லதை இருவரும் சொல்லிவிட்டீர்கள். நான் கொஞ்சம் கசப்பானதையும் சேர்க்கிறேன். படிக்க நினைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் வேலை லேசில் கிடைக்காது. உங்களுக்கு என்ன தெரியும் என்பதைப் பட்டத்தின் பெயர் சொல்லாது. நீங்கள்தான் செய்து காட்ட வேண்டும். பெரிய கடன் வாங்கித்தான் படிக்க முடியும் என்றால் இரண்டு முறை யோசியுங்கள். என்னோடு படித்தவர்களில் குறிப்பேட்டை மனப்பாடம் செய்து தேறியவர்களுக்கு இந்தப் படிப்பு எதையும் தரவில்லை. இதை வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

எனக்குத் தந்தது என்ன? மருத்துவமனையில் நோயாளிகளுக்கான குறிப்புகளை எழுதுகிறேன். "பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் வரவும்" என்று ஒரு தாள் இருந்தது. அதைப் படித்துவிட்டு ஒரு முதியவர் தண்ணீரும் குடிக்காமல், காலையில் போட வேண்டிய ரத்த அழுத்த மாத்திரையையும் போடாமல் வந்து மயங்கி உட்கார்ந்துவிட்டார். தாளில் இருந்தது சரியான வாக்கியம்தான். ஆனால் பயத்தோடு படிப்பவருக்கு அது எப்படிக் கேட்கும் என்று யாரும் யோசிக்கவில்லை. மருத்துவர்களிடம் கேட்டு, எதைச் சாப்பிடக்கூடாது, எதைக் குடிக்கலாம், எந்த மாத்திரையை நிறுத்தக்கூடாது என்று தனித்தனியாக எழுதினேன். ஒரு கதாபாத்திரத்தின் தலைக்குள் போய் உட்கார்ந்து பார்க்கும் பழக்கம் இதற்கு நேராக உதவியது.

சேர நினைப்பவர்களுக்கு நான் சொல்வது: கல்லூரியின் பெயரைப் பார்க்கும் முன், அங்கே மாணவர்கள் எவ்வளவு எழுதுகிறார்கள் என்று விசாரியுங்கள். எழுதியதை ஆசிரியர் திருத்தித் திருப்பித் தருகிறாரா, "இதற்கு ஆதாரம் எங்கே?" என்று ஓரத்தில் கேட்கிறாரா என்று சீனியர்களிடம் கேளுங்கள். அப்புறம், எந்தப் பாடத்தை முதன்மையாக எடுத்தாலும் கூடவே புள்ளியியல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பல வேலைகளில் அது கைகொடுக்கும்.